சொல்லும் சிறையும்: அமெரிக்கத் தண்டனை வரலாற்றில் மூன்று பெயர்கள்

ஆங்கிலத்தில் ‘சென்டென்ஸ்’ என்னும் சொல் இருபொருள் உடையது. இலக்கண நூலில் அது வாக்கியம். நீதிமன்றத்தில் அது தண்டனைத் தீர்ப்பு. இரண்டுமே ‘கருத்து’ எனப் பொருள்படும் ‘சென்டென்ஷியா’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஆகவே, தண்டனை என்பது அடிப்படையில் ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்லும் கருத்தாகும். அக்கருத்தைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உரியது? அதை நிறைவேற்றும் கட்டடத்திற்கு என்ன பெயர் சூட்டுவது? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தண்டனை வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது. சட்டம் பயின்றோர் அவ்வரலாற்றைச் சட்டங்களின் வழியே ஆராய்வர். மொழி பயின்றோர் அதைச் சொற்களின் வழியேயும் காணலாம்.

குடியேற்றக் காலத்தில் சிறை என்பது பெரும்பாலும் தண்டனையாகக் கருதப்படவில்லை. விசாரணைக்குக் காத்திருப்போரும் கடன்பட்டோரும் அடைக்கப்பட்ட இடமே சிறை. தண்டனை தெருவில் நிகழ்ந்தது: கசையடி, தண்டனைக் கட்டையில் நிறுத்தி அவமானப்படுத்துதல், அபராதம், தூக்கு. இப்பொதுத் தண்டனைகள் குற்றவாளியையும் பார்ப்போரையும் ஒருங்கே கெடுக்கின்றன என்று 1787இல் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் வாதிட்டார். அதே ஆண்டில், சிறைகளின் துயர் நீக்க அந்நகரில் ஒரு சங்கம் தோன்றியது. 1790இல் வால்நட் தெருச் சிறையில் தனியறைகள் கொண்ட புதிய பகுதி அமைக்க வழி பிறந்தது. அதற்கு வழங்கிய பெயர் ‘பெனிடென்ஷியரி’. கழிவிரக்கம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயரைத் தமிழில் ‘வருந்தித் திருந்தும் இல்லம்’ எனலாம். இதுவே முதற்பெயர்.

1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறை அப்பெயருக்குக் கல்லால் எழுதிய உரையாகும். ஜான் ஹாவிலண்ட் வடிவமைத்த அக்கட்டடத்தில், நடுமையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சிறைக்கூடங்கள் விரிந்தன. கைதி தன் அறையிலேயே உண்டார், உழைத்தார், உறங்கினார். வெளியே அழைத்துச் செல்லும்போது முகத்தை மூடினர். தனிமை மனச்சான்றை விழிக்கச் செய்யும் என்பது அதை அமைத்தோரின் நம்பிக்கை. ஆயினும், நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறை அந்நம்பிக்கையின் விலையை முன்னரே கண்டிருந்தது. அங்கே 1821இல் ஏறத்தாழ எண்பது கைதிகள் வேலையுமின்றித் தனிமையில் அடைக்கப்பட்டனர். சிலர் மனம் பேதலித்தனர், சிலர் இறந்தனர், இறுதியில் ஆளுநர் பலரை மன்னித்து விடுவித்தார். அதன்பின் ஆபர்ன் வேறுமுறையைக் கைக்கொண்டது: பகலில் கூடி உழைப்பு, இரவில் தனியறை, எப்பொழுதும் மௌனம். மௌனத்தைக் காத்தது சாட்டை.

இவ்விரு முறைகளையும் காண ஐரோப்பியர் கடல்கடந்து வந்தனர். 1831இல் பிரெஞ்சு நாட்டிலிருந்து டொக்வில்லும் போமோனும் வந்ததே சிறைகளை ஆராயத்தான். 1842இல் பிலடெல்பியாச் சிறையைக் கண்ட சார்ல்ஸ் டிக்கன்ஸ், மனத்தின்மேல் நாள்தோறும் நிகழும் அவ்வதை உடல்வதையினும் கொடியது என்று கண்டித்து எழுதினார். இருப்பினும் அங்குத் தனிமை முறை சட்டப்படி முடிவுற்றது 1913இல்தான். பெயரோ அதன்பின்னும் நிலைத்தது.

தென்மாநிலங்களின் வரலாறு வேறு. 1865இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்திற்கான தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை அது விலக்களித்து விட்டுவைத்தது. ஒரு வாக்கியத்துள் அடங்கிய அச்சிறு விலக்குத்தொடர் எத்துணை பெரிய வாயிலைத் திறந்தது! வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கிய சட்டங்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைச் சிறைக்கு அனுப்பின. மாநிலங்கள் அவர்களைச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிகளுக்கும் வாடகைக்கு விட்டன. கைதி வாடகை முறையை அலபாமா கைவிட்டது 1928இல். அங்குத் திருந்துதல் என்ற சொல் ஒப்புக்குக்கூடத் தேவைப்படவில்லை.

இரண்டாம் பெயர் ‘ரிஃபார்மட்டரி’, அதாவது சீர்திருத்தச் சிறை. 1870இல் சின்சினாட்டியில் கூடிய சிறைத்துறை மாநாடு, தண்டனையின் நோக்கம் பழிவாங்குதலன்று, சீர்திருத்தமே என அறிவித்தது. 1876இல் நியூயார்க்கின் எல்மைராவில் செபுலன் பிராக்வே அக்கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கைதியின் காலத்தை நீதிபதி துல்லியமாக வரையறுக்க மாட்டார். உச்சவரம்பைச் சட்டம் கூறும். நன்னடத்தைக்கும் உழைப்புக்கும் கல்விக்கும் மதிப்பெண் ஈட்டியவர் முன்னதாக ‘பரோலில்’ வெளியேறலாம். பிரெஞ்சு மொழியில் ‘பரோல்’ என்றால் ‘சொல்’. தப்பியோடேன் எனப் போர்க்கைதி அளிக்கும் வாக்குறுதியை முன்பு குறித்த சொல் அது. கைதியின் சொல்லுக்கு மதிப்பளித்த அம்முறையில் ஒரு முரண் இருந்தது: அவர் திருந்தினார் என்று சொல்லும் உரிமை சிறை நிர்வாகத்திடமே இருந்தது. தண்டனை வாக்கியத்தை நீதிபதி தொடங்கினார். முற்றுப்புள்ளியை வைத்தவர் மற்றொருவர். பிராக்வே கைதிகளை அடித்த செய்தி 1890களில் மாநில விசாரணைக்கு உள்ளாகி, சீர்திருத்தம் என்ற பெயருக்குப் பின்னிருந்ததை வெளிக்கொணர்ந்தது.

மூன்றாம் பெயர் ‘கரெக்‌ஷன்ஸ்’, திருத்தத்துறை. 1954இல் அமெரிக்கச் சிறைச் சங்கம் தன் பெயரிலிருந்து ‘சிறை’யை நீக்கி ‘திருத்த’த்தை ஏற்றது. எனினும், 1971 செப்டம்பரில் அட்டிகா சிறையில் எழுந்த கிளர்ச்சியிலும் அதை அடக்கிய தாக்குதலிலும் கைதிகளும் சிறை ஊழியர்களுமாக 43 பேர் உயிரிழந்தனர். மேலான மருத்துவமும் உணவும் சமய உரிமையும் அங்கு எழுந்த கோரிக்கைகளுள் சில.

அதன்பின் காலவரையறையற்ற தண்டனை இருபுறமும் தாக்குண்டது. என்று விடுதலை என்றறியாமல் காத்திருப்பதே கொடுமை என்றனர் ஒருசாரார்; குற்றவாளிகள் எளிதில் தப்பிவிடுகின்றனர் என்றனர் மறுசாரார். நீதிபதிகளின் கட்டற்ற அதிகாரத்தை 1973இல் நீதிபதி மார்வின் ஃபிராங்கலே ஒரு நூலில் விமர்சித்தார். 1984ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு வழிகாட்டு அட்டவணை வகுக்க ஆணையம் அமைத்து, பரோலை நீக்கவும் வழிசெய்தது. 1986இல் சட்டமன்றம் எடைக்கல்லைக் கையிலெடுத்தது: ‘கிராக்’ வகைக் கொக்கேன் 5 கிராமுக்கும் தூள் கொக்கேன் 500 கிராமுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, ஐந்தாண்டு. கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 100க்கு 1 என்ற இவ்விகிதம் 18க்கு 1 எனக் குறைந்தது 2010இல்தான். கலிபோர்னியா 1994இல் இயற்றிய ‘மூன்றாம் குற்றம்’ சட்டத்தின்கீழ், முற்குற்றங்கள் உடைய ஒருவர் மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியதற்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை தண்டனை பெற்றார். உச்ச நீதிமன்றம் 2003இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது.

இத்தகைய சட்டங்களால் தண்டனையைக் கூறும் அதிகாரம் நீதிபதியிடமிருந்து பெரிதும் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் சென்றது. எக்குற்றத்தைச் சுமத்துவது என அவர் தெரிவுசெய்யும்போதே தண்டனையும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. குற்றத்தீர்ப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை விசாரணையின்றிக் குற்ற ஒப்புதலால் அமைகின்றன. 1972இல் கூட்டாட்சி, மாநிலச் சிறைகளில் ஏறத்தாழ 200,000 பேர் இருந்தனர். 2009இல் அவ்வெண்ணிக்கை 1.6 மில்லியனை எட்டியது. பின்னர்க் குறைந்தது. இப்பெருக்கம் முழுவதும் ‘திருத்தத்துறை’ என்ற பெயர்ப்பலகையின்கீழ் நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

மூன்று பெயர்களும் வஞ்சக எண்ணத்தோடு சூட்டப்பட்டவை அல்ல. அவற்றைச் சூட்டியோருள் பலர் மனிதநேயர். ஆனால் நற்பெயர் ஒன்று கிடைத்தவுடன் உள்ளே எட்டிப்பார்க்கும் கடமை முடிந்ததாகச் சமுதாயம் எண்ணிவிடுகிறது. பெயர் நம்பிக்கையைச் சொல்கிறது, நடப்பைச் சொல்வதில்லை. ‘பரோல்’, ‘சீர்திருத்தம்’ போன்ற சொற்கள் இன்று தமிழிலும் வழங்குகின்றன. அவற்றைப் பயிலும் நாம், ஒவ்வொரு தண்டனை குறித்தும் எளிய வினாக்கள் சிலவற்றைக் கேட்கப் பழக வேண்டும்: இதைச் சொன்னவர் யார்? யார் முன்னிலையில் சொன்னார்? தண்டிக்கப்பட்டவர் மறுமொழி கூற இடமிருந்ததா? மறுமொழிக்கு இடந்தராத வாக்கியம் எவ்வளவு அழகிய பெயரோடு வந்தாலும் அதை நீதி என்று அழைப்பது மொழிக்கும் இழுக்கு, மாந்தர்க்கும் இழுக்கு.