வீட்டில் பிறந்த சுற்றுப்பலகைகள்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகையின் தொடக்கமே ஒரு தனிமனிதரின் முயற்சிதான். ஆஸ்திரியாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936 வாக்கில் லண்டனில் அத்தகைய பலகையைக் கொண்டு ஒரு வானொலியைச் செய்துகாட்டினார். அதுவரை பாகங்களைக் கம்பியால் ஒவ்வொன்றாக இணைத்துப் பற்றவைப்பதே வழக்கம்.

தமிழ்நாட்டில் இத்தகைய பலகையை வீட்டிலேயே செய்யும் கைவேலைக்கான சரக்கு சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது: செம்புத்தகடு ஒட்டிய பலகை, ஃபெரிக் குளோரைடு, மெல்லிய துளைக்கருவி. கேரளத்தில், பாலக்காட்டின் கஞ்சிக்கோட்டில் 1976இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.) ஆலை தொலைபேசி இணைப்பகக் கருவிகளைத் தயாரித்தது. அத்தகைய ஆலைகளின் பலகைக்கும் வீட்டுப் பலகைக்கும் அடிப்படை ஒன்றே: வேண்டிய செம்பை மூடிவைத்து, மீதியைக் கரைப்பது.

மூடும் பொருள்தான் காலந்தோறும் மாறியது. முதலில் எனாமல் பெயின்ட், நகப்பூச்சு. பிறகு அழியாத மார்க்கர் பேனா. லேசர் பிரின்டர் பரவியதும் வழவழப்பான தாளில் சுற்றை இடவலம் மாற்றி அச்சிட்டு, இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து டோனரைச் செம்பில் ஒட்டவைத்தார்கள். டோனர் பிளாஸ்டிக் கலந்த தூள் என்பதால் ஃபெரிக் குளோரைடு கரைசல் அதைத் தொடாது.

ஃபெரிக் குளோரைடு செம்பைக் குப்ரிக் குளோரைடாக்கி, தானும் ஃபெரஸ் குளோரைடாக மாறும். அதனால் கரைசல் வர வர வலுவிழக்கும். உலோகப் பாத்திரத்தை அது அரித்துவிடும். பிளாஸ்டிக் தட்டுதான் ஏற்றது. துணியில் பட்ட பழுப்புக்கறை எளிதில் போகாது (வீட்டாரின் கோபத்துக்கு இதுவே முதல் காரணம்). செம்பு கலந்த கழிவைச் சாக்கடையில் கொட்டியது இந்தப் பொழுதுபோக்கின் மோசமான பக்கம்.

2010களில் சீன ஆலைகள் சில பலகைகளைக்கூட மலிவாகச் செய்து அனுப்பத் தொடங்கின. இருபுறமும் செம்புள்ள பலகையின் துளைகளுக்குள் முலாம் பூசுவது வீட்டில் கடினம் என்பதால், சிக்கலான வேலைகள் அங்கே போயின. அன்றே வேண்டிய ஒற்றைப்பக்கப் பலகை மட்டும் வீட்டில் தங்கியது.