போகக் கடனில் இருந்து கிழமைக் கடன் வரை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

என் வகுப்பில் ஒரு மகன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவதில்லை. வரவு இடாப்பைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். உம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "சேர், செவ்வாய்க்கிழமை லோன்காரர் வார நாள். நான் பின்வளவால பக்கத்து வீட்டுக்குப் போயிருவன். இவன்தான் வாசல்ல நிண்டு, உம்மா இல்ல எண்டு சொல்லணும்."

அவருடைய கணவர் மௌத்தாகி மூன்று வருடம். மூன்று பிள்ளைகள். காலையில் இடியப்பம், பகலில் தையல். மூன்று இடங்களில் கிழமைக் கடன். அவருடைய சம்மதத்தோடுதான், ஆள் தெரியாத மாதிரி எழுதுகிறேன்.

"கணக்குத் தெரியாமல் கண்ட லோனையும் எடுக்கிறார்கள், பிறகு அழுகிறார்கள்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் நான் வரலாறு படிப்பிப்பவன். ஏழை வீட்டுக்குக் கடன் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பேச்சு சரியில்லை என்று பட்டது.

நம் பாட்டிமார் காலத்திலும் கடன் இருந்தது. கிழக்குக் கரையில் வயல் செய்தவர்கள் போடியாரிடம் நெல்லாகவும் காசாகவும் முற்பணம் வாங்கினார்கள். கடைக்காரரின் கொப்பியில் அரிசியும் சீனியும் ஏறின. அறுவடை முடிந்து களவெட்டியில் நெல் குவிந்த பிறகுதான் கணக்குப் பார்ப்பார்கள். பன்பாய் இழைத்த பெண்களும் கைத்தறி நெய்த பெண்களும் பொருள் விற்ற பிறகுதான் கடையில் பாக்கியைத் தீர்த்தார்கள். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கடனில் காணி இழந்தவர்களும், தலைமுறையாக ஒரே போடியாருக்கு உழைத்தவர்களும் உண்டு. ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருந்தது. வருமானம் வருகிற நாளில்தான் தவணையும் வந்தது.

வட்டியின் கொடுமையை அரசாங்கமும் அறிந்தே இருந்தது. கட்ட வேண்டிய வட்டி முதலை விடக் கூடக்கூடாது என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொன்னது. 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. 1941இல் கடன் இணக்கச் சபைச் சட்டம் வந்தது. தனியாரிடம் காணியை ஈடு வைத்தும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தும் கடன்பட்டவர்கள் முறையிட அந்தச் சபை இன்றும் இருக்கிறது. 1961இல் தொடங்கிய மக்கள் வங்கி, நகை அடகை வங்கிக்குள் கொண்டுவந்தது. உம்மாமாரின் காப்பும் மாலையும் அடகுக்கடைக்குப் பதிலாக வங்கிப் பெட்டகத்துக்குப் போயின.

அப்படியென்றால் கிழமைத் தவணை எங்கிருந்து வந்தது?

1976இல் பங்களாதேஷின் சிட்டகொங் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ஜோப்ரா என்ற கிராமத்தில், பேராசிரியர் முஹம்மது யூனுஸ் 42 பேருக்குத் தன் கையிலிருந்து 27 டொலர் அளவில் கடன் கொடுத்தார். மூங்கில் முக்காலி செய்த பெண்கள் வட்டிக்காரரிடம் மாட்டியிருந்ததைப் பார்த்துச் செய்த வேலை அது. 1983இல் கிராமீன் வங்கி உருவானது. ஈடு கேட்காமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சிறு சிறு தவணையாகக் கிழமைக்குக் கிழமை வாங்கும் முறை. 2006இல் அதற்கு நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது. எண்ணம் நல்லது. முக்காலி விற்பவருக்கு நாளாந்தம் காசு வரும். கிழமைத் தவணை அவருக்குப் பொருந்தும்.

நம் கரைக்கு அந்த முறை வேகமாகப் பரவியது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஆண் துணையில்லாமல் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் ஏராளம். அவர்களிடம் ஈடு வைக்க நகையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. வங்கி கதவைத் திறக்காத அந்த வாசலுக்கு மோட்டார் சைக்கிளில் கடன் வந்தது. தொழிலுக்கென்று வந்த கடன் கூரைக்கும் மருந்துக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் போனது. சப்பாத்து வருமானம் தராது. ஆனால் தவணை ஏழு நாளில் வந்துவிடும்.

கணக்கையும் பாருங்கள். 50,000 ரூபாய்க்கு வருடம் 24 சதவீதம் என்கிறார்கள். வட்டி 12,000. மொத்தம் 62,000ஐ 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,200. ஆனால் முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாக அவர் கையில் இருப்பது 25,000 அளவுதான். அதற்கு 12,000 வட்டி என்றால் உண்மை வீதம் 40க்கு மேல். இது தெரிந்து எத்தனை ஆசிரியர்கள் லோன் எடுத்திருக்கிறோம்?

குழுப் பிணை என்பதும் அப்படித்தான். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். மௌத்து வீட்டுக்குச் சோறு கொண்டுவரும் பக்கத்து வீட்டு ராத்தாவே கடன் கேட்டு வாசலில் நிற்க வேண்டி வந்தது. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் இரண்டாவது லோனை எடுத்து முதலாவதைக் கட்டுகிறார்கள்.

2018இல், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்குள் கடன் பெற்று மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமல் போன பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு மத்திய வங்கி 35 சதவீத உச்சவரம்பும் வைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கம்மலை விற்றும், வேறிடத்தில் கடன்பட்டும் தவணை தவறாமல் கட்டியவருக்கு அந்த நிவாரணம் இல்லை. 2021 மார்ச் 8இல், மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள் ஒளித்து வைத்த கடனை அவர்கள் வெளியே பேசினார்கள்.

எனக்குப் பட்ட பாடம் இதுதான்: கடன் தாங்குவதும் முறிப்பதும் தொகையில் மட்டும் இல்லை. வருமானத்தின் நாளும் தவணையின் நாளும் பொருந்துகிறதா, அந்தக் கடனை ஒளிக்காமல் பேச முடிகிறதா என்பதிலும் இருக்கிறது.

அந்த உம்மாவோடு உட்கார்ந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினோம். யாருக்கு, எவ்வளவு மிச்சம், கிழமைக்கு எவ்வளவு, தவறினால் என்ன நடக்கும். மூன்றாவது லோன் முழுக்க முதலாவதைக் கட்டவே போயிருந்தது. முதல் முடிவு, பழையதைக் கட்டப் புதியது எடுப்பதில்லை. அடுத்தது, ஒளிவதற்குப் பதிலாக அவரே அலுவலகத்துக்குப் போய், மிச்சத்தை எழுத்தில் கேட்டு, மாதத் தவணையாக மாற்றச் சொல்வது. ஒரு இடத்தில் சம்மதித்தார்கள், இன்னொரு இடத்தில் மறுத்தார்கள். மிகச் சிறிய மிச்சத்தை, வந்த தையல் காசில் முதலில் முடித்தார். அதனால் கிழமையில் ஒரு நாள் விடுதலையானது.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடன்பட்டோரும் இருக்கிறார்கள். நான் பார்த்த அளவில் நம் ஊர்களில் தையல் மெஷினும் உலர் உணவும் கொடுக்கிறோம். ஒரு விதவையின் கடன் கொப்பியை வாங்கிப் பார்த்து, ஒரு கணக்கை முழுசாக முடித்துக் கொடுப்பது அரிது. பள்ளி நிர்வாகத்தினர் இதை வாசித்தால் யோசித்துப் பாருங்கள். பெயர் வெளிவராமல் செய்ய முடியும்.

அந்த உம்மாவுக்கு இன்னும் இரண்டு கடன் பாக்கி. ஆனால் கடந்த மூன்று செவ்வாய்க்கிழமையும் மகன் வகுப்புக்கு வந்தான். அவனுக்கு முன்னால் நான் எதுவும் கேட்கவில்லை. இடாப்பில் அடையாளம் மட்டும் போட்டேன்.