காதும் மீட்டரும்

கார்புரேட்டர் காலத்தில் ஐடிலிங்கைக் காதால் கேட்டே டியூன் செய்வோம். 1967-இல், அமெரிக்கப் புகை விதிகளுக்காக, ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷின் டி-ஜெட்ரானிக் வந்தது. த்ராட்டில் மூடியிருப்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொன்னது ஒரு சுவிட்ச். பின்னாளில் 5 வோல்ட் சென்சார் அந்த வேலையை ஏற்றது. இந்தியாவில் 2000-இல் விதிகள் இறுகியபோது கார்புரேட்டர் விடைபெறத் தொடங்கியது.

ஓய்வுபெற்றபின் நண்பரின் பழைய காருக்கு வெளி மார்க்கெட் த்ராட்டில் பாடி மாட்டினேன். சிக்னலில் நின்றாலும் எஞ்சின் உறுமியது. காதை நம்பி ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகியே ஒருநாள் போனது. பேரன் மீட்டர் வைத்தான். த்ராட்டில் மூடியிருந்தும் 0.9 வோல்ட்! அந்தக் காருக்கு 0.5தான் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை யாரோ மிதிப்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணியிருக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, சென்சார் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, 0.5 வரும்வரை மெல்லத் திருப்பி இறுக்கினோம். உறுமல் அடங்கியது.

நாற்பது வருடக் காது அன்று பேரனிடம் பாடம் கேட்டது.