தடை செய்த புத்தகமும் மறுபதிப்பும்

பழைய புத்தகம் சேர்ப்பவர்களுக்கு முதல் பதிப்பு என்றால் தனி மயக்கம். சிருங்காரப் புத்தகங்களில் அந்த மயக்கம் கூடாது என்பது என் அபிப்பிராயம். பல சமயம் பின்னால் வந்த மறுபதிப்புதான் முழுப் புத்தகமாக இருக்கும்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் போதலேர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். 1857-ல் வந்த அவருடைய தொகுதியிலிருந்து ஆறு கவிதைகளை நீக்கும்படி பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆறும் 1866-ல் பெல்ஜியத்தில், ஃபெலிசியன் ரோப்ஸ் வரைந்த முகப்புப் படத்தோடு அச்சாயின. பிரான்சில் தடை நீங்க 1949 ஆயிற்று.

இதே கதை நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி. தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர் அவர். அவர் வம்சத்துப் பிரதாபசிம்மர் (1739–1763) அரசவையில் இருந்த தேவதாசி முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியம் எழுதினார். தானே இளாவைக் கண்ணனுக்கு மணம் முடித்து வைத்த ராதை, பிறகு பிரிவு தாங்காமல் கோபிக்கிறாள். கண்ணன் அவளைச் சமாதானம் செய்கிறான். இதில் ஆசையைச் சொல்வது பெண்.

தெலுங்கு இலக்கிய வரலாறு எழுதியவர்கள் அந்தக் காலத்துக்கு 'க்ஷீண யுகம்', அதாவது நலிந்த காலம், என்று பெயர் வைத்தார்கள். கந்துகூரி வீரேசலிங்கம் இந்தக் காவியத்தை ஆபாசம் என்று கண்டித்தார்.

1887-ல் அச்சான பதிப்பில் சில பாடல்கள் இல்லை. அதோடு, முத்துப்பழனி தன்னையும் தன் குலத்துப் பெண்களையும் பற்றிச் சொன்ன பகுதியும் இல்லை. சிருங்காரத்தை வெட்டியதற்காவது ஒரு காரணம் சொல்லலாம். பாட்டி பெயரை வெட்டுவதற்கு என்ன காரணம்? தாசி என்று தெரியக்கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள் ஓலைச்சுவடியைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, 1910-ல் சென்னை வாவிள்ளா ராமசாமி சாஸ்த்ருலு அண்ட் சன்ஸ் மூலம் வெளியிட்டார். ஆண் கவிஞர்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று முன்னுரையில் கேட்டார்.

1911-ல் அரசாங்கம் தடை விதித்தது. போலீஸ் பிரதிகளைக் கைப்பற்றியது. ஒரு உத்தரவு போட ஒரு நாள் போதும். அதை ரத்து செய்ய எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்பது என்னைப் போல் ஆபீசில் உழன்றவர்களுக்குத் தெரியும். இதற்கு 36 வருடம் ஆயிற்று. 1947-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த டி. பிரகாசம் (முதல்வரை அந்நாளில் அப்படித்தான் சொல்வார்கள்) தடையை நீக்கினார். 1952-ல் வாவிள்ளா மறுபதிப்பு வந்தது. நாகரத்தினம்மாள் காலமானதும் அதே வருடம்தான்.

ஆகவே 1887 பதிப்பு ஒருவரிடம் இருந்தால் அது பழசு. 1952 பதிப்பு இருந்தால் அதில் எழுதியவளும் இருக்கிறாள். இரண்டில் ஒன்று என்றால் நான் பின்னதைத்தான் எடுப்பேன்.

தெலுங்கு எழுத்து படிக்கத் தெரிந்த பெரியவர்கள் செஞ்சிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் வாவிள்ளா புத்தகம் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுமுன் அவர்களிடம் காட்டுங்கள். வருடத்தைப் பாருங்கள், முன்னுரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.