ஸ்டெப்ஃபோர்ட் மனைவிகள்: பளபளக்கும் தரைக்குக் கீழே

ஐரா லெவின் எழுதிய "தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்" நாவலைப் போன வாரம்தான் படித்தேன். 1972-ல் வெளியானது. சின்னப் புத்தகம், ஒரே இரவில் முடித்துவிடலாம். முடித்த பிறகுதான் தூக்கம் வராது!

புகைப்படக் கலைஞரான ஜோவன்னா, கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் நியூயார்க்கிலிருந்து ஸ்டெப்ஃபோர்ட் என்ற கற்பனை ஊருக்குக் குடிவருகிறாள். அங்குள்ள மனைவிகள் எல்லோரும் அழகு. தரைக்கு மெழுகு போடுவதையும் துணி மடிப்பதையும் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பே இல்லை. காபி குடிக்கக் கூப்பிட்டால்கூட "வீட்டில் வேலை இருக்கிறது" என்கிறார்கள். பிறகுதான் தெரிகிறது, இதே பெண்கள் முன்பு மகளிர் மன்றம் நடத்தியவர்கள், பெட்டி ஃப்ரீடனை அழைத்துப் பேச வைத்தவர்கள் என்று. அவர்களை மாற்றியது எது? அதை நாவலில் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெப்ஃபோர்ட் கற்பனை. ஆனால் ஃப்ரீடன் நிஜம். 1957-ல் அவர் தன்னோடு ஸ்மித் கல்லூரியில் படித்த பெண்களுக்குக் கேள்விகள் அனுப்பினார். சுமார் 200 பேர் பதில் எழுதினார்கள். நல்ல படிப்பு, நல்ல வீடு, குழந்தைகள் எல்லாம் இருந்தும் பலருக்கு மனதில் இனம் தெரியாத ஒரு வெறுமை. அதிலிருந்து பிறந்ததுதான் 1963-ல் வந்த "தி ஃபெமினைன் மிஸ்டிக்".

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த "லட்சிய இல்லத்தரசி" காலங்காலமாக இருந்தவள் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் விமானம், கப்பல் கட்டும் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். 1945-ல் போர் முடிந்ததும் அவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1947 முதல் லெவிட்டவுன் போன்ற புறநகர்கள் முளைத்தன. 1959-ல் மாஸ்கோ கண்காட்சியில் நிக்சன் குருஷேவிடம் பெருமையோடு காட்டியது என்ன தெரியுமா? ஓர் அமெரிக்கச் சமையலறை!

அந்தச் சமையலறையின் அரசி வங்கியில் கடன் கேட்டால், கணவனின் கையெழுத்தைக் கேட்பார்கள். இப்படிப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1974-ல்தான் வந்தது. அதாவது, நாவல் வெளியாகி இரண்டு வருடம் கழித்து.

யோசித்துப் பாருங்கள். ஸ்டெப்ஃபோர்ட் கணவர்களைப் பயமுறுத்தியது அழுக்கு வீடு அல்ல, மகளிர் மன்றம். வீடு சுத்தமாக இருந்தால் நாமும் பாராட்டுகிறோம். சுத்தம் செய்தவர் வேறு என்ன செய்ய ஆசைப்பட்டார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?