பிரம்புக்குப் பிறகு: வகுப்பறையில் மதிப்பை வளர்ப்பது எப்படி?

போர்க்காலத்தில் பாடசாலைக்குப் போன பிள்ளைகளில் பலர் இன்று மன்னார் மாவட்டத்தில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். 2007இல் முசலியிலிருந்தும் பின்னர் மாந்தை மேற்கு, மடுப் பகுதிகளிலிருந்தும் இடம்பெயர்ந்து, தற்காலிகக் கொட்டில்களில் பாடம் கேட்டவர்கள் அவர்களுள் உள்ளனர். 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் படித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளனர். 2008 ஜனவரி 29 அன்று மடுப் பகுதியில் கிளைமோர்த் தாக்குதலுக்கு உள்ளான பாடசாலைப் பேருந்தை இவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவர்கள் முன்னால் அமர்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் 2009க்குப் பின் பிறந்தவர்கள். "நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தோம், உங்களுக்கு என்ன குறை?" என்ற கேள்வி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. கேட்பவருக்கு அது நியாயமான ஆதங்கம். கேட்கும் பிள்ளைக்கோ அது அவமானமாகப் படுகிறது. காணாமல் ஆக்கப்பட்ட உறவினர், கடன், மதுப்பழக்கம் எனப் போரின் மிச்சம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் ஒரு சுமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மனித கண்ணியத்துக்கு இசைவாக இருக்க வேண்டும் என்று அதன் 28ஆவது உறுப்புரை கூறுகிறது. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்தது. 12/2016 சுற்றறிக்கை அதை மீண்டும் வலியுறுத்தியது.

2017இல் மாத்தறை மாவட்டத்தில் ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் ஒரு காது கேட்கும் திறனை இழந்தது. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அத்தீர்ப்பு, அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரை மீறப்பட்டதாகக் கண்டது. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகையைத் தடுப்பது அந்த உறுப்புரை. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடாக வழங்க உத்தரவிடப்பட்டது.

பயம் மதிப்பு ஆகாது

பிரம்பைக் கண்டு அமைதியாகும் வகுப்பு, ஆசிரியர் வெளியே போனதும் குழம்பிவிடும். பயந்த பிள்ளை தெரியாததைக் கேட்காது; வீட்டில் நடப்பதையும் சொல்லாது. அடி இல்லாவிட்டாலும் ஊர், சாதி, சமயம், தகப்பனின் தொழில் ஆகியவற்றைச் சொல்லிக் குத்திக்காட்டுவது அதே காயத்தைத் தரும். கரையோரக் கிராமங்களில் அதன் விளைவு உடனே தெரியும். "கடலுக்குப் போகத்தான் நீ லாயக்கு" என்று கேட்ட பையன் பாடசாலையை விட்டுக் கடலுக்கே போய்விடுகிறான். அந்தச் சொல் அவனுடைய தகப்பனின் உழைப்பையும் சேர்த்தே இழிவுபடுத்துகிறது.

வகுப்பில் செய்யக்கூடியவை

• தவணையின் முதல் வாரத்தில் ஐந்தாறு விதிகளை மாணவருடன் பேசி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆசிரியருக்கும் அதில் விதி இருக்கட்டும்: நேரத்துக்கு வருதல், பெயர் சொல்லி அழைத்தல், பட்டப்பெயர் தவிர்த்தல்.

• தவறைத் தனியே அழைத்துப் பேசுங்கள். "ஏன் செய்தாய்?" என்பதற்கு முன் "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். இரவு தகப்பனோடு வலைக்குப் போன பிள்ளைதான் முதற்பாடத்தில் தூங்குகிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

• தண்டனைக்குப் பதிலாகத் திருத்தும் பொறுப்பைக் கொடுங்கள். உடைத்ததைச் சரிசெய்யட்டும், புண்படுத்தியவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

• ஆசிரியர் தவறிழைத்தால் வகுப்பின் முன்னே ஒப்புக்கொள்ளலாம். அதனால் மரியாதை குறையாது.

ஆசிரியருக்கும் மதிப்பு வேண்டும்

பிரம்பைப் பறித்துவிட்டு ஆசிரியரைத் தனியே விடுவதும் தவறு. நெரிசலான வகுப்பு, பாட ஆசிரியர் வெற்றிடம், தூர இடத்திலிருந்து வந்து போகும் களைப்பு ஆகியவற்றோடு அவர் வேலை செய்கிறார். பிள்ளையின் சொல்லை மட்டும் கேட்டு வாசலில் சத்தமிடும் பெற்றோரும், ஆசிரியரைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக் கேலி செய்யும் மாணவரும் அவருடைய கண்ணியத்தை மீறுகிறார்கள். பிரச்சினை வந்தால் முதலில் ஆசிரியரோடும் அதிபரோடும் நேரில் பேசுங்கள். தீராவிட்டால் மன்னார் அல்லது மடு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள்.

ஆனால் பிள்ளை அடித்துக் காயப்படுத்தப்பட்டால் காத்திருக்க வேண்டாம். வைத்தியசாலையில் காட்டிப் பதிவு செய்யுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே முறையிடலாம்.