மருந்து என்கிற நஞ்சு

குருவிகுளம் கரிசல் காட்டிலும் களைக்கொல்லிக்குப் பேர் 'மருந்து'தான். இந்த மருந்தின் வரலாறு கூலிச்சனங்களின் உடம்பில் எழுதப்பட்டது.

பாராகுவாட் 1960களில் மலேசியத் தோட்டங்களுக்குள் வந்தது. முதுகில் டேங்க் சுமந்து அடித்தவர்களில் ஏராளமானோர் தமிழ்ப் பெண்கள். அங்கே கூலிகளாகப் போன தமிழர்களில் தலித்துகள் கணிசம். தோல் வெந்தது, நகம் கெட்டது, மூக்கில் ரத்தம் வந்தது. குடலுக்குள் போனால் முறிவு மருந்தே கிடையாது. 2002இல் தெனாகனிதா அமைப்பு அந்தப் பெண்களின் வாய்மொழியைப் பதிவுசெய்தது. அதே ஆண்டு அரசு தடை அறிவித்தது, 2006இல் மறுபடி அனுமதித்தது. முழுத் தடை 2020இல்தான்.

இங்கே 1971 விதிகளே தெளிப்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்கின்றன. யாரு குடுத்தா? கையுறையும் முகக்கவசமும் சலுகையில்லை, கேட்டு வாங்கவேண்டிய உரிமை.

களைவெட்டுக் கூலியைவிட நஞ்சு மலிவு என்கிறார்கள். சுமக்கிறவர் உடம்பைக் கணக்கில் சேர்த்தால் மலிவா?